பிழையைச் சுருக்கிக் கேட்கும் கல்வி

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இன்று கணினிக் கல்வி பெறும் இளைஞர்களின் தொகை, ஒரு தலைமுறைக்கு முன் இவ்வூர்களை அறிந்திருந்தவர்கள் எதிர்பார்த்திராத அளவுக்குப் பெருகியிருக்கிறது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் நிலங்களுக்கு நடுவே, சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓடும் சாலைகளை ஒட்டி, பொறியியல் கல்லூரிகளும் கலைக் கல்லூரிகளும் எழுந்து நிற்கின்றன. அரியலூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியும் இருக்கிறது. இக்கல்லூரிகளில் பயில்வோருள் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள். அவர்களுக்கு நாம் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். எழுதிய நிரல் பிழைபட்டு நிற்கும்போது, அந்தப் பிழையை எந்த ரூபத்தில் பிறர் முன் வைத்து உதவி கேட்பது என்பதை மட்டும் கற்றுக்கொடுப்பதில்லை. இது சிறிய குறை என்று சிலர் நினைக்கலாம். என் அபிப்பிராயத்தில் இவ்விரு ஜில்லாக்களின் கணினிக் கல்வியில் உடனே தீர்க்கப்பட வேண்டிய குறை இதுவே.

மாணவர்கள் உதவி கேட்கும் முறையைக் கவனித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கணினித் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். படத்தில் பாதி வரிகள் வெட்டுப்பட்டிருக்கும். அதன் கீழே, “சார், எரர் வருது, என்னன்னு பாருங்க” என்று ஒரு வாக்கியம் இருக்கும். இன்னும் சிலர் புராஜெக்ட் கோப்புறை முழுவதையும் சுருட்டி அனுப்பிவிடுவார்கள். பெறுகிறவர் எவ்வளவு பரோபகாரியாக இருந்தாலும், நானூறு வரிகளில் எந்த வரியைத் தொடங்கிப் படிப்பது என்று தெரியாமல், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிடுகிறார். அந்த நாளை வருவதில்லை. மாணவரோ தம்மை யாரும் மதிக்கவில்லை என்று மனம் நொந்துபோகிறார். இருவர் மீதும் குற்றமில்லை. கேள்வி இன்னும் கேள்வியாக உருப்பெறவில்லை என்பதே குற்றம். அதை உருப்பெறச் செய்யும் வழி ஒன்று உண்டு: பிழை தோன்றுவதற்குச் சம்பந்தமில்லாத அனைத்தையும் நிரலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கி, இதற்குமேல் எதை நீக்கினாலும் பிழை மறைந்துவிடும் என்ற நிலை வரும்வரை சுருக்கி, எஞ்சிய அந்தச் சில வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்பது.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குவது நலம். பெரம்பலூர் ஜில்லாவில் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு படித்த மாணவி ஒருத்தி, கிராமவாரியாக மக்காச்சோளச் சாகுபடிப் பரப்பைக் காட்டும் நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதியிருந்தாள். கிராமங்களின் பட்டியல் ஒரு கோப்பில் இருந்தது. அவளும் தோழிகளும் ஊர் ஊராகச் சென்று சேகரித்த விவரங்கள் இன்னொரு கோப்பில் இருந்தன. நிரலின் வேலை இரண்டையும் ஊர்ப் பெயரால் இணைப்பது. செட்டிகுளம், பாடாலூர், எசனை, குன்னம், வேப்பந்தட்டை எல்லாம் ஒழுங்காக இணைந்தன. கொளக்காநத்தமும் தொண்டமாந்துறையும் கோனேரிபாளையமும் இணையவில்லை. அந்த ஊர்களுக்கு நேராகச் சுழியம் வந்தது. முந்நூறு வரிக்கு மேற்பட்ட அந்த நிரலை அவள் அப்படியே என்னிடம் அனுப்பியபோது, காரணத்தையும் தானே தீர்மானித்து வைத்திருந்தாள்.

“சார், ஜில்லா பிரிச்சதாலதான் சார் தப்பா வருது” என்றாள்.

அவள் சந்தேகம் அசட்டுத்தனமானதன்று. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து உண்டான பெரம்பலூர் ஜில்லாவிலிருந்து, 2001இல் அரியலூர் தனி ஜில்லாவாயிற்று. மறு ஆண்டே மீண்டும் பெரம்பலூருடன் சேர்க்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. இத்தனை மாறுதலுக்கு உட்பட்ட பிரதேசத்தின் பழைய பட்டியல்களில் எந்த ஊர் எந்த ஜில்லாவின் கீழ் வரும் என்ற குழப்பம் நேருவது சகஜம். ஆனால் சகஜமாகத் தோன்றும் காரணம் வேறு, உண்மையான காரணம் வேறு.

“பிரிச்சது காரணம்னா செட்டிகுளம் மட்டும் எப்படிம்மா சரியா வந்துச்சு?” என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. நிரலைக் குறைத்துக்கொண்டே வரும்படி சொன்னேன்.

முதலில் உள்நுழைவுத் திரையை நீக்கினாள். பிழை அப்படியே இருந்தது. வரைபடம் வரையும் பகுதியை நீக்கினாள்; அப்போதும் இருந்தது. ஜில்லா, தாலுக்கா சம்பந்தமான எல்லா வரிகளையும் நீக்கி, ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள். பிழை இம்மியும் அசையவில்லை. ஜில்லாப் பிரிவினையைப் பற்றிய சந்தேகம் அந்தக் கணத்தில் தீர்ந்தது. யாரும் அவளுடன் வாதாடி அதைத் தீர்க்கவில்லை. தன் கையாலேயே அவள் அதை வெட்டி எறிந்துவிட்டாள். அடுத்து, கோப்புகளைத் திறக்கும் வரிகளையும் நீக்கிவிட்டு, கொளக்காநத்தம் என்ற பெயரை நிரலுக்குள்ளேயே இருமுறை தட்டச்சு செய்து, இரண்டும் ஒன்றுதானா என்று கணினியைக் கேட்டாள். ஒன்றுதான் என்று விடை வந்தது. பிழை மறைந்துவிட்டது!

சுருக்கும் வேலையில் இப்படிப் பிழை திடீரென்று மறைகிற இடமே மிகவும் மதிப்புள்ள இடம். கடைசியாக எதை நீக்கினோமோ அதற்குள்தான் அது ஒளிந்திருக்கிறது. அவள் புதிதாகத் தட்டச்சு செய்த பெயர்கள் பொருந்துகின்றன. கோப்பிலிருந்து வந்த பெயர்கள் பொருந்தவில்லை. ஆகவே பிழை நிரலில் இல்லை, கோப்புகளின் எழுத்துகளில் இருக்கிறது என்பது புலனாயிற்று. இப்போது இரு கோப்புகளிலிருந்தும் அதே பெயரைத் தட்டச்சு செய்யாமல் பிரதியெடுத்து ஒட்டினாள். பிழை திரும்பி வந்தது. ஒவ்வொரு பெயரும் எத்தனை குறியீடுகளால் ஆனது என்று கேட்டபோது, ஒன்றுக்கு 13 என்றும் மற்றதற்கு 14 என்றும் விடை கிடைத்தது. பெயரின் பின்பகுதியை வெட்டி வெட்டிக் குறைத்ததில், இறுதியில் ‘கொ’ என்ற ஓர் எழுத்து மட்டும் மிஞ்சியது. முந்நூறு வரி நிரல் இரண்டு வரியாயிற்று: இந்தக் ‘கொ’வும் அந்தக் ‘கொ’வும் ஒன்றா என்ற வினாவும், இல்லை என்ற விடையும்.

காரணம் இதுதான். யூனிகோடு முறையில் ஒகரக் குறியை இரு விதமாக எழுதலாம். 3018 என்ற ஒரே எண்ணால் குறிப்பது ஒரு விதம். எகரக் கொம்புக்கு உரிய 3014ஐயும் காலுக்கு உரிய 3006ஐயும் அடுத்தடுத்து இட்டுக் குறிப்பது மற்றொரு விதம். திரையில் இரண்டும் மயிரிழை வித்தியாசமின்றி ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வெவ்வேறு. மாணவியின் கோப்புகளில் ஒன்று பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தில் கொம்பும் காலும் பிரிந்தே வந்துவிட்டன. ஓகாரத்துக்கும் இதே கதைதான். ஒகரமோ ஓகாரமோ ஏறிய எழுத்து உள்ள ஊர்கள் மட்டும் இணையாமல் போனதன் மர்மம் அப்போது விளங்கிற்று. இவ்விரு வடிவங்களும் சமானமானவை என்று யூனிகோடு தரமே விதித்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொணரும் வசதி பைத்தானிலேயே இருக்கிறது. ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியை நான் சொல்வதற்கு முன்பே அவள் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். முந்நூறு வரியைப் பார்த்து ‘ஏன் வரவில்லை’ என்று கேட்டவளுக்கு எதைத் தேடுவது என்றே தெரியாதிருந்தது. இரண்டு வரியைப் பார்த்தவளுக்குத் தேட வேண்டியது இன்னதென்று கண்முன் நின்றது.

இது ஏதோ கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் உரிய பயிற்சி என்று கருதிவிடக் கூடாது. 1999ஆம் ஆண்டு ஜூலையில், நெட்ஸ்கேப் உலாவியின் வழிவந்த மொஸில்லாவை உருவாக்கிக்கொண்டிருந்த பொறியாளர்கள், சுருக்கப்படாத பிழை அறிக்கைகள் 370க்கு மேல் குவிந்து கிடப்பதைக் கண்டு திகைத்து, பொதுமக்களிடமே உதவி வேண்டினார்கள். அவர்கள் வேண்டியது பிழைகளைத் திருத்தித் தரும்படி அன்று. உலாவியை விழச் செய்யும் இணையப் பக்கங்களை, ஒவ்வொரு பகுதியும் பிழைக்கு இன்றியமையாததாக நிற்கும்வரை குறைத்துத் தரும்படி. உலகத்தின் தேர்ந்த பொறியாளர்களுக்கே சுருங்காத பிழை சுமையாக இருந்தது என்றால், நம் கல்லூரி ஆசிரியருக்கும் வெளியூர்ப் பொறியாளருக்கும் அது சுமையாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

அந்த நெருக்கடியை முன்னிறுத்தி, ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ஸெல்லரும் ரால்ஃப் ஹில்டபிராண்டும் இந்தச் சுருக்கும் வேலையைக் கணினியே செய்யக்கூடிய யுக்தி ஒன்றை 2002இல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். உள்ளீட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியை நீக்கிச் சோதித்து, பிழை நீடித்தால் நீக்கியதை விட்டுவிட்டு, மறைந்தால் திரும்பச் சேர்த்து, வேறு பகுதியை நீக்கிப் பார்ப்பது என்பதே அதன் சாரம். 896 வரிகள் கொண்ட இணையப் பக்கம் ஒன்றை அது ஒரே வரியாகக் குறைத்தது. உலாவியை வீழ்த்திய 95 செய்கைகளை மூன்றாகக் குறைத்தது. 139 சோதனைகள் நடந்தன. அந்நாளைய சாதாரணக் கணினியில் ஆன நேரம் 35 நிமிஷம். பின்னர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ரெகரும் அவர் குழுவினரும், சி மொழித் தொகுப்பிகளில் அதுவரை அறியப்படாத 325க்கு மேற்பட்ட பிழைகளைக் கண்டதாக 2011இல் அறிவித்தபோது, இதே அவசியம் அவர்களுக்கும் நேர்ந்தது. பிழை தேட அவர்கள் செய்த கருவி தானாக எழுதித் தள்ளும் பூதாகாரமான நிரல்களைத் தொகுப்பி எழுதுகிறவர் யாரும் படிக்கமாட்டார் என்பதால், குறைக்கும் கருவியையும் அவர்களே செய்து அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள்.

நம் பிரதேசத்து மாணவர்களுக்கு இதைச் சொல்ல வேறு தேசத்துக்குப் போக வேண்டியதும் இல்லை. சுண்ணாம்புக்கல்லின் தரம் பார்க்கும் பழைய முறை ஒன்று உண்டு. உடைத்த கல்லைக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்கு பாகமாகப் பிரித்து, எதிரெதிரான இரு பாகங்களைத் தள்ளிவிட்டு, மிஞ்சியதைக் கலந்து, மீண்டும் குவித்து, மீண்டும் பிரித்து, ஒரு பெருங்குவியலைக் கைப்பிடி அளவுக்குக் கொண்டுவருவார்கள். ரசாயனசாலைக்கு அந்தக் கைப்பிடி போதும். ஆனால் ஒரு வித்தியாசத்தை மாணவர் மறக்கலாகாது. கல்லின் மாதிரி முழுக் குவியலையும் ஒத்திருக்க வேண்டும். நிரலின் எச்சமோ முழு நிரலை ஒத்திருக்க வேண்டியதில்லை, பிழையை மட்டும் இழக்காதிருந்தால் போதும். அதனால்தான் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் நிரலை ஓட்டிப் பார்ப்பது கட்டாயமாகிறது. பத்து இடத்தில் வெட்டிவிட்டு ஒருமுறை ஓட்டுகிறவர், பிழை மறைந்தால் எந்த வெட்டினால் மறைந்தது என்று அறியாமல் தொடங்கிய இடத்துக்கே திரும்ப நேரும்.

சுருக்கத் தெரிந்தவனுக்கு உதவியே தேவைப்படாதே, தெரியாதவனிடம் போய்ச் சுருக்கச் சொல்வது நியாயமா என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இந்த ஆட்சேபத்தில் ஓரளவு உண்மை உண்டு. சுருக்கும்போதே பாதிப் பிழைகள் தாமாகவே பிடிபட்டுவிடுகின்றன என்பது என் அனுபவம். ஆயினும் சுருக்குவதற்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நீக்கு, ஓட்டு, பார் என்ற கிரமத்தை மாற்றாமல் பின்பற்றும் பொறுமை இருந்தால், முதலாண்டு மாணவரும் செய்துவிடலாம். மொஸில்லாவுக்கு உதவ அழைக்கப்பட்டவர்களும் உலாவியின் உள்ளமைப்பை அறிந்திருக்க வேண்டியதில்லை. சுருங்க மறுக்கும் பிழைகளும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. இரண்டு காரியங்கள் ஒரே வேளையில் நடந்தால் மட்டும் தோன்றும் பிழை, ஒன்றை நீக்கியதும் மறைந்துபோகும். ஒரு நாள் தோன்றி மறுநாள் தோன்றாத பிழையை வெட்டிப் பிடிப்பது நிபுணர்களுக்கும் சிரமம். அத்தகைய இடத்தில், எதை எதை நீக்கிப் பார்த்தேன், எப்போது பிழை மறைந்தது என்று எழுதிக் கொண்டுவந்தாலே உதவுபவருக்குப் பேருபகாரம்.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் இளைஞனுக்குப் பக்கத்து நாற்காலியில் விஷயம் தெரிந்தவர் இருப்பார். அவன் திரையைத் திருப்பிக் காட்டினால் போதும். ஆலத்தூரிலும் செந்துறையிலும் ஆண்டிமடத்திலும் உட்கார்ந்து படிக்கும் மாணவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. முகமறியாத ஒருவரை, பெரும்பாலும் ஆங்கிலத்தில், எழுத்து மூலமாகக் கேட்டாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து வந்த பெண், தன் நிரலின் அமைப்பையும் தன் சங்கடத்தையும் ஆங்கிலத்தில் மூன்று பத்தி எழுதி விளக்க வேண்டும் என்றால், கேட்காமலே இருந்துவிடுகிறாள். அப்படிக் கேட்காமலே நின்றுபோன நல்ல புத்திகள் எத்தனை! ஆனால் நான்கு வரி நிரலையும், இது வரவேண்டும், அது வருகிறது என்ற இரு குறிப்புகளையும் அனுப்புகிறவளுக்குப் பாஷை ஒரு தடையே அன்று. ஜப்பானில் இருப்பவரும் பிரேசிலில் இருப்பவரும் அதைத் தம் கணினியில் ஓட்டி, அவள் கண்டதையே காணலாம். பெரிய ஊர், பெரிய கல்லூரி, சரளமான ஆங்கிலம் ஆகிய அனுகூலங்கள் எதுவும் இல்லாதவர், அவை எல்லாம் வாய்த்தவருக்குச் சமமாக நின்று கேட்க உதவும் சாதனமாகவே நான் இந்தப் பழக்கத்தைக் காண்கிறேன்.

இன்னொரு நன்மையையும் சொல்லியாக வேண்டும். அந்த மாணவியின் கோப்பில் விவசாயிகளின் பெயர்களும் கைப்பேசி எண்களும் இருந்தன. சில இடங்களில் வங்கிக் கணக்கு எண்களும் இருந்தன. நம்பிக் கொடுத்த அந்த மனிதர்கள், தங்கள் விவரம் முன்பின் அறியாதவர்களின் கணினிக்குப் போகும் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். கோப்புறையை முழுதாக அனுப்பும் வழக்கத்தில் இந்த அபாயம் எப்போதும் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தில் யாருடைய ரகசியமும் இல்லை.

இப்போது சாட்ஜிபிடி போன்ற கருவிகள் வந்துவிட்டனவே, நானூறு வரியையும் அதில் கொட்டினால் விடை வந்துவிடுமே என்பாரும் உளர். விடை சில வேளை வரும். பல வேளை அது நிரல் முழுவதையும் மாற்றி எழுதிக் கொடுக்கிறது. பிழை போயிற்றா, வேறிடத்துக்குக் குடிபெயர்ந்ததா என்று மாணவருக்குத் தெரிவதில்லை. நேர்முகத் தேர்வில் உன் நிரலில் என்ன தவறு நேர்ந்தது என்று கேட்டால் வாய் அடைத்துப்போகிறது. அந்தக் கருவிக்கும் சுருக்கிய கேள்வியையே கொடுத்தால் விடையும் சிறிதாக வரும், சரிபார்ப்பதும் எளிதாகும்.

ஆகவே நம் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்று லேப் வகுப்பில் மாணவர் செய்வது, கொடுக்கப்பட்ட நிரலைத் தட்டச்சு செய்து, அவுட்புட் வந்ததும் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. அவுட்புட் வந்தால் மதிப்பெண். வராமல் போனவர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து வரவழைத்துக்கொள்கிறார். பிழையோடு போராடிய நேரத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது. பாடத்திட்டத்தை மாற்றப் பல்கலைக்கழகத்திடம் போக வேண்டியதில்லை. அகமதிப்பீடு கல்லூரியின் கையில் இருக்கிறது. பருவத்துக்கு இரண்டு மூன்று லேப் வகுப்புகளிலாவது, வேண்டுமென்றே ஒரு பிழையைப் பொதித்த நீண்ட நிரலைக் கொடுத்து, திருத்தாதே, சுருக்கு என்று சொல்லட்டும். ஒவ்வொரு வெட்டையும் அதன் பயனையும் ரெக்கார்டு நோட்டில் வரிசையாக எழுதச் சொல்லட்டும். எஞ்சிய வரிகள் எத்தனை, அவற்றில் இன்னும் நீக்கக்கூடியது எது என்று வைவாவில் கேட்கட்டும். புராஜெக்ட் வழிகாட்டிகளும், பத்து வரிக்கு மேற்பட்ட நிரலோடு சந்தேகம் கேட்க வருபவரைக் கடிந்துகொள்ளாமல், பக்கத்தில் உட்கார்த்தி முதல் வெட்டை மட்டும் தாமே செய்து காட்டி, மற்றவற்றைச் செய்துகொண்டு வா என்று அனுப்பட்டும். அறுபது பேருக்கு இதைச் செய்ய ஆசிரியருக்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். இன்று அவர் அறுபது முழு நிரல்களை ஆதியோடந்தமாகப் படிக்க முயன்று களைத்துப்போகிறார், அன்று அறுபது சிறு துண்டுகளைப் படித்தால் போதும்.